கம்பம் பள்ளத்தாக்கின் அந்தி வானமும் ஒளிப்பட விற்பனையும்

பொழுது சாயும் வானத்தைப் படமாக்கி விற்பது ஒளிப்படக் கலையோடு சேர்ந்து வளர்ந்த தொழில். தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், இத்தொழிலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே சூரியன் தொடுவானத்தில் மறைவதில்லை. மலைக்குப் பின்னால் மறைகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் எடுக்கும் படத்துக்கும் சின்னமனூர் வயல்வெளியில் எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதிலிருந்தே தொடங்குகிறது.

மலையும் பொழுதும்

பள்ளத்தாக்கின் மேற்கே போடிமெட்டிலிருந்து குமுளி வரை மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் வருசநாட்டு மலையும் மேகமலையும் உள்ளன. பார்ப்பவருக்கு மேற்கே 10 கிலோமீட்டர் தொலைவில் 1,000 மீட்டர் உயர மலை இருப்பதாகக் கொள்வோம். அதன் உச்சி தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகை உயரத்தில் தெரியும். சூரியன் 4 நிமிடத்துக்கு 1 பாகை இறங்குவதால், கணக்கிட்ட அஸ்தமன நேரத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே அங்கே வெயில் போய்விடும்.

இதில் ஒளிப்படக்காரருக்குப் பெரிய இழப்பு இருக்கிறது. சூரியன் தொடுவானத்திலிருந்து 6 பாகைக்குக் கீழ் வந்த பிறகுதான் ஒளி பொன்னிறமாக மாறி நிழல் நீள்கிறது. அந்த ஒளியைத்தான் மலை மறைத்துவிடுகிறது. மேலும் நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. லண்டனில் அது சாய்வாக இறங்குவதால் வண்ணம் நெடுநேரம் தங்கும். ஐரோப்பியர் எழுதிய கையேடுகளைப் படித்துவிட்டு, ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி நிற்பவர் இங்கே ஏமாந்து போவார்.

ஆகவே இப்பகுதியில் நல்ல படம் எடுப்பவர்கள் சூரிய வட்டத்தை நாடுவதில்லை. மலை முகட்டுக்குப் பின்னிருந்து மேகத்தின் ஊடே விரியும் கதிர்களையும், சூரியன் மறைந்த பின் வானில் பரவும் செம்மையையும் எடுக்கிறார்கள். அல்லது மேற்கு மலையை விட்டு விலகிக் கிழக்கே போகிறார்கள். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை அத்தகைய இடம். அங்கிருந்து மேற்கு மலை தொலைவில் தாழ்ந்து தெரியும். நடுவில் நீர்ப்பரப்பும் கிடைக்கும். சூரியன் மறையும் புள்ளி ஜூனில் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கேயும், டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் விலகும். எனவே ஒரே இடத்தில் நின்றாலும் மாதத்துக்கு ஒரு படம் கிடைக்கும்.

செவ்வானம் பதியாத காலம்

தமிழகத்தில் தொடக்ககால ஒளிப்படங்களைத் தேடுவோர் லின்னேயஸ் டிரைப் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. சென்னை இராணுவத்தில் அதிகாரியாக இருந்த அவர் 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இல் மதுரையில் அவர் எடுத்தவற்றில் வைகையாற்றுப் படமும் ஒன்று. அந்த ஆறு வருசநாட்டு மலையில் பிறந்து தேனி மாவட்டத்தின் வழியாகவே மதுரைக்குப் போகிறது.

டிரைப் காலத்து நெகட்டிவ் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பு அதற்குப் புலப்படாது. நிலத்துக்கு ஏற்ற நேரம் ஒளி விட்டால், வானம் அச்சில் வெறும் வெள்ளைத்தாளாக வந்து நிற்கும். டிரைப் தம் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே வேறு வழி கண்டார். கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். 1850-களில் அவருடைய கடற்படங்கள் மிக நன்றாக விற்றன. அவற்றுள் 'பெரும் அலை' என்ற படம் 1999-இல் லண்டன் ஏலத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. ஆக, கணினியில் வானத்தை மாற்றி ஒட்டுவதை இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த குறும்பு என்று கடிந்துகொள்ள நியாயமில்லை.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் திரெவெல்யன், செலவு மிகுதி என்று அதை நிறுத்திவிட்டார்.

எல்லா வண்ணங்களையும் உணரும் தகடு 1906-இல் விற்பனைக்கு வந்தது. கோடாக்குரோம் வண்ணச்சுருள் 1935-இல் வந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. வண்ணச்சுருள் விலை கூடுதல். சிறு ஊர் ஸ்டூடியோக்காரர் அதைத் திருமணத்துக்கு வைத்திருப்பாரே தவிர, வானத்தைப் பார்த்துச் செலவழிக்க மாட்டார். மாலைக் காட்சி வேண்டுமென்றால் ஸ்டூடியோவின் பின்திரையில் ஓவியமாக இருந்தது. தென்னையும் ஏரியும் செஞ்சூரியனும் கொண்ட வண்ணப்படங்களை நம் வீட்டுச் சுவர்களில் பெரும்பாலும் மாட்டியவை சிவகாசி நாட்காட்டிகளே.

அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் திரைப்படங்கள் 1977 முதல் கிராமத்து வெளிச்சத்தின்மீது மக்களுக்கு ஆசையை உண்டாக்கின. திருமண வீட்டார் மணமக்களை வயல்வரப்பில், மாலை வெயிலில் நிறுத்திப் படம் கேட்பதற்கு அந்த ரசனையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

படம் யாருக்குச் சொந்தம்?

இணையத்தில் படங்களைச் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் வந்தபின் விலை சரிந்தது. ஐஸ்டாக்போட்டோ 2000-இலும் ஷட்டர்ஸ்டாக் 2003-இலும் தொடங்கின. வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டிவிட்டுப் பலமுறை பயன்படுத்தலாம். எடுத்தவருக்கு அதில் சிறு பங்குதான். 'அஸ்தமனம்' என்று தேடினால் முடிவில்லாமல் படங்கள் கொட்டும் இடத்தில், பெயரில்லாத ஒரு செவ்வானத்தை யார் தேடி வாங்கப்போகிறார்கள்? அத்தகைய வானத்தை இப்போது செயற்கை நுண்ணறிவும் நொடியில் வரைந்து தருகிறது.

இடமும் காலமும் பயிரும் குறித்த படத்தின் நிலை வேறு. பெரியாறு அணை நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் நீர் திறப்பார்கள். நடவுக்கு முன் தொழி கலக்கி நீர் நிறுத்திய வயல்கள் கண்ணாடியாகக் கிடக்கும் நாட்களில்தான் தென்மேற்குப் பருவமழை மேகம் கேரள எல்லையைத் தாண்டி முகட்டில் வழிகிறது. ஊர்ப்பெயரும் மாதமும் எழுதிய அத்தகைய படத்தைத் தேடுவோர் சிலரே. ஆனால் பாடநூல், வேளாண் இதழ், சுற்றுலாக் கையேடு தயாரிக்கும் அவர்களுக்கு வேறு படம் உதவாது. உயரத்திலிருந்து எடுக்க மேகமலைக்குப் போவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2021-இல் அது திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மாலைக்குப் பின் மலைச்சாலையில் செல்ல வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு.

உரிமை பற்றிய சட்டத்தை ஸ்டூடியோக்காரர் பலர் அறிந்திருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கவைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டூடியோ அலமாரியில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. ஆனால் திருமண வேலை முடிந்து திரும்பும் வழியில், யாரும் கேட்காமல், வீரபாண்டி ஆற்றுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி அவர் எடுத்த வானம் அவருடையது. பதிவு எதுவும் தேவையில்லை. முன்பு அவ்வுரிமை, படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் வரைதான் இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும் நீடித்து, அவருக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அவர் வாரிசுகளுக்குச் செல்கிறது.