கூரையும் மழைநீரும்: இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் விரிப்புச் சலவைச் சிறுதொழில்

1. ஆய்வுப் பொருள்

கார்ப்பெட் சலவையைச் சிறுதொழிலாகத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் எந்திரத்தின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். வேக்குவம் கிளீனர், சுழல் பிரஷ், ஷாம்பு எல்லாம் மதுரையிலேயே கிடைக்கின்றன. வங்கிக் கடனுக்கும் வழி உண்டு. ஆனால் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இத்தொழிலை நிலைநிறுத்துவதும் கவிழ்ப்பதும் உப்புதான். காற்றிலும், பல ஊர்களின் நிலத்தடி நீரிலும், கடலாடி வருவோரின் பாதங்களிலும் அது இருக்கிறது. ஆகவே உப்பை வெளியேற்றும் நல்ல தண்ணீரும் நனைந்ததை விரைந்து உலர்த்தும் இடமுமே இங்கு முதல் மூலதனம். எந்திரம் அதற்கு அடுத்தது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விரிப்புகள் இருக்கும் இடங்கள்

2.1 பள்ளிவாசல்கள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி ஆகிய கடற்கரை ஊர்களின் பள்ளிவாசல்களில் தொழுகை வரிசைக்கு ஏற்ப விரிப்புகள் போடப்படுகின்றன. இன்று சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை பாலிபுரொப்பிலின் இழையால் ஆனவை. இந்த இழை தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது. எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பற்றிக்கொள்ளும். தொழுபவரின் நெற்றி படும் இடம் என்பதால் கறை போனால் மட்டும் போதாது, சோப்பின் மிச்சமும் இருக்கக் கூடாது.

2.2 தங்கும் விடுதிகள்

இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்கள் அக்னி தீர்த்தமாகிய கடலில் நீராடி, பிறகு இராமநாதசுவாமி கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடுவது மரபு. ஈரமும் மணலும் அவர்களோடு அறைக்கு வருகின்றன. விடுதிகளில் டைல்ஸ் தரையே அதிகம் என்பதால் அறை முழுவதற்குமான கார்ப்பெட் வேலை இங்கே குறைவு. கால்மிதி, சோபா, மெத்தை, வரவேற்பறை விரிப்பு ஆகியவையே விடுதி வேலையின் பெரும்பகுதி. இதை உணராமல் தரைக் கார்ப்பெட்டை மட்டும் நம்பி எந்திரம் வாங்குவது தவறு.

2.3 திருமண மண்டபங்கள்

மண்டபங்களின் விரிப்பு ஜமுக்காளம். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளம் தமிழ்நாடு அறிந்த பெயர். பருத்தி ஜமுக்காளம் தண்ணீரை நிறையக் குடிக்கும், கனக்கும், உலர நேரமெடுக்கும். குழம்பு, மஞ்சள், வெற்றிலைச் சாறு ஆகியவை அதன் வழக்கமான கறைகள்.

3. உப்பு செய்யும் வேலை

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கடற்கரையில் இரவும் விடியலும் ஈரம் மிகுந்தவை. ஆகவே இழைக்குள் தங்கிய உப்பு இரவில் கசிந்து பகலில் காய்கிறது. ஒவ்வொரு முறையும் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது. நன்றாகத் துவைத்த விரிப்பு சில வாரங்களில் பிசுபிசுத்து மங்குவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். கடல்நீரில் அது ஏறத்தாழ 35,000. எந்திரம் உறிஞ்சியபின் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் தங்குவதாகக் கொள்வோம். 2,000 மில்லிகிராம் நீரால் அலசினால், 500 சதுர மீட்டர் விரிப்பு காய்ந்தபின் அதில் ஒரு கிலோ உப்பு எஞ்சும். 300 மில்லிகிராம் நீரால் அலசினால் எஞ்சுவது 150 கிராம். வேறுபாட்டைத் தீர்மானிப்பது கடைசி அலசல் நீர் ஒன்றே. முதல் கழுவலுக்குக் கிணற்று நீர் போதும். கடைசித் தண்ணீர் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும்.

கிணற்று நீரின் கடினத்தன்மை இன்னொரு சிக்கல். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்ணிறக் கசடாக இழையில் படியும். எனவே இங்கு கட்டிச் சோப்பு உதவாது. கடின நீரிலும் நுரைக்கும் டிடர்ஜென்ட் தேவை. கம்பளி, பட்டு விரிப்புகளுக்குப் பூந்திக்கொட்டைக் கரைசல் மென்மையானது. கடின நீரிலும் கசடு தராது.

4. செய்முறை

4.1 உலர் துப்புரவு. கடல் மணலின் கூர்மையான துகள்கள் மிதிபடும்போது இழையை அடியில் அறுக்கும். மணலோடு நனைத்தால் அது சேறாகி அடியில் இறங்கிவிடும். தட்டி உதறுவதும் வேக்குவம் போடுவதும் பொறுமையாக முடியும்வரை ஒரு சொட்டு நீரும் படக் கூடாது.

4.2 சாயச் சோதனை. ஈர வெள்ளைத் துணியை மூலையில் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பை நீர்ச் சலவைக்கு ஏற்கலாகாது.

4.3 கறை நீக்கம். மஞ்சள் கறையில் காரமான சோப்புப் பட்டால் அது சிவக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் வெளிறும் இயல்புடையது; எனவே அலசியபின் சிறிது வெயில் காட்டுவது மருந்தைவிட நல்லது. கம்பளியில் சலவைச் சோடாவும் குளோரின் பிளீச்சும் கூடவே கூடா. பிளீச் கம்பளியைக் கரைத்தேவிடும்.

4.4 அலசலும் உலர்த்தலும். கழுவிய நீரை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் வாடையும் பூஞ்சணமும் வரும். கடற்கரை வெளியில் விரித்தால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலையும் உப்புத் துளியையும் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும். காற்று புகுந்து வெளியேறும், ஆனால் கடல் பக்கம் மறைப்புள்ள கொட்டகையே பொருத்தம்.

இந்த அறிவின் ஒரு பகுதி மாவட்டத்தின் சலவைத் தொழிலாளர் குடும்பங்களிடம் தலைமுறைகளாக உள்ளது. உவர்மண்ணும் வெள்ளாவியும் கொண்டு பருத்தியை வெளுத்தவர்கள் அவர்கள். புதிதாகத் தொடங்குபவர் அவர்களைக் கூலிக்கு அமர்த்துவதைவிடப் பங்காளிகளாகச் சேர்ப்பதே நியாயம். தொழிலுக்கும் அதுவே பலம்.

5. காலக் கணக்கு

மண்டபங்களுக்கு ஆடியும் மார்கழியும் ஓய்வு மாதங்கள். இவற்றுள் ஆடி காற்றும் வெயிலும் உள்ள மாதம். ஜமுக்காள வேலைக்கு அதுவே பருவம். விடுதிகளுக்குத் தை, ஆடி, மகாளய அமாவாசைகளும் சிவராத்திரியும் நெரிசல் நாள்கள். அவை கழிந்த வாரமே வேலைக்கு ஏற்றது.

பள்ளிவாசல்களில் ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில் வேலை குவியும். சுபுஹு என்ற விடியல் தொழுகைக்கும் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரமே பகலில் நீண்ட இடைவெளி. ஜமாஅத்தின் ஒப்புதலோடு, வெள்ளிக்கிழமை தவிர்த்து, பகுதி பகுதியாகச் செய்யலாம். இசுலாமிய ஆண்டு ஏறத்தாழ 11 நாள் முன்னகர்வதால் 2030இல் ரமலான் சனவரியிலும் டிசம்பரிலும் தொடங்கும். அப்போது ஷஃபான் வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். கூரையில்லாதவர் அந்த வேலையை ஏற்கவே முடியாது.

6. கூரையின் இரட்டைப் பயன்

மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்வது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கொட்டகையில் ஆண்டுக்கு 80,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் மிஞ்சும். முழுவதையும் சேமிக்கத் தொட்டி கட்ட இயலாது. ஆனால் கடைசி அலசலுக்குச் சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வைத்தால், 10,000 லிட்டர்த் தொட்டி ஒருமுறை நிறைந்தாலே 3,000 சதுர மீட்டருக்கு மேல் போதும். மழைநீருக்குக் கடினத்தன்மையும் இல்லை. குடிநீருக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கும் மாவட்டத்தில், குழாய்த் தண்ணீரைத் தொழிலுக்கு எடுக்காமல் இருப்பது அறமும் ஆகும்.

7. பதிவும் கடனும்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது, கட்டணமில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமன்று. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் வரையும் கடன் உண்டு.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்த விதிகளில் சேவைத் தொழிலுக்கான திட்ட மதிப்பு 20 இலட்சம் வரை. இராமநாதபுரம் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருப்பதால் சிறப்புப் பிரிவு மானியத்துக்கு உரியது: ஊரகத்தில் 35, நகர்ப்புறத்தில் 25 விழுக்காடு. புதிய தொழிலுக்கே இம்மானியம் என்பதால் கொட்டகைக்குக் கால் நடுமுன் மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். திட்ட அறிக்கையில் கொட்டகையையும் தொட்டியையும் எந்திரத்துக்கு முன்னதாக எழுத வேண்டும்.

8. கழிவுநீர்ப் பொறுப்பு

இக்கரையின் தெற்கே மன்னார் வளைகுடா: 1986இல் தேசியக் கடல் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள், பவளத்திட்டுகள், கடற்புல் படுகைகள் கொண்டது. சோப்பு நீரும் செயற்கை இழைத் துகளும் அங்கே செல்லலாகாது. கழுவிய நீரைப் படிவுத் தொட்டியில் நிறுத்தி, மணலை அடியில் தங்கவிட்டு, நெருக்கமான துணியில் வடித்து, அனுமதிக்கப்பட்ட கழிவுநீர் வழியில் மட்டுமே விட வேண்டும். பாஸ்பேட் இல்லாத டிடர்ஜென்ட்டைத் தேர்வது அடுத்த கடமை. மீனவர் வாழ்வைத் தாங்கும் கடலைக் கெடுத்துச் சம்பாதிக்கும் தூய்மை, தூய்மை ஆகாது.

9. முடிபுகள்

ஒன்று, இக்கடற்கரையில் விரிப்புச் சலவையின் தரத்தைக் கடைசி அலசல் நீரே முடிவு செய்கிறது. இரண்டு, மழையைப் பிடித்து, ஈரத்தை உலர்த்தி, உப்புக் காற்றைத் தடுக்கும் கூரை முதலில் அமைய வேண்டும். எந்திரம் வருமானத்தோடு வளரலாம். மூன்று, ஆடி, அமாவாசைகள், ஷஃபான் என்ற மூன்று நாள்காட்டிகளையும் அறிந்து திட்டமிட்டால் ஆண்டு முழுதும் பரவலாக வேலை கிடைக்கும். நான்கு, தண்ணீர் அரிதான மண்ணில் நடக்கும் சலவைத் தொழில், தான் எடுக்கும் தண்ணீருக்கும் விடும் தண்ணீருக்கும் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது. அந்தக் கணக்கைத் தொடக்க நாள் முதலே எழுதி வைக்கும் தொழில் இங்கே நிலைக்கும்.