ஏழு கைகளும் ஐந்து கிராமும்

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள். வாஷிங்டன் நகரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்றின் முன்னே எழுவர் நிற்கின்றனர். எழுவரும் பெரும் புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள். வலக்கை உயர்த்தி, உண்மையே உரைப்பதாக உறுதி கூறி அமர்கின்றனர். கேள்வி பிறக்கிறது: நிக்கோடின் மனிதனை அடிமையாக்கும் பொருள்தானா? அல்லவென்றே நம்புகிறோம் என்று ஒருவர்பின் ஒருவராக எழுவரும் ஓதி முடிக்கின்றனர்.

அறியாமல் சொன்னார்களா? அந்த நாட்டின் தலைமை மருத்துவர் கூப் 1988-லேயே அறிக்கை வெளியிட்டிருந்தார். ஹெராயினும் கொக்கெய்னும் எப்படி மனிதனைப் பிடித்து ஆட்டுகின்றனவோ அப்படியே நிக்கோடினும் ஆட்டுகிறது என்று அதில் விளக்கியிருந்தார். அதற்கும் முன்னே 1963-ல், அந்த எழுவரில் ஒருவருடைய கம்பெனியின் வழக்கறிஞரே, அடிமையாக்கும் மருந்தாகிய நிக்கோடினை விற்பதுதான் நமது தொழில் என்று கம்பெனிக்குள் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பொய்ச்சாட்சி பற்றி அரசின் நீதித்துறை ஆராய்ந்தது. ஆராய்ந்து, வழக்கே தொடராமல் விட்டுவிட்டது. உயர்ந்த ஏழு கைகளில் ஒன்றிலேனும் விலங்கு விழவில்லை.

விலங்குக்குப் பஞ்சமான நாடா அது? எட்டாண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1986-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர், கொக்கெய்ன் உட்கொண்டு மாண்டார். நாடு பதறிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அதிபர் ரீகன் புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கிராக் எனும் கட்டிக் கொக்கெய்ன் ஐந்து கிராம் வைத்து விற்றவனுக்கு ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. அதே ஐந்தாண்டு, தூளாக விற்றவனுக்கு வரவேண்டுமானால் அவனிடம் ஐந்நூறு கிராம் இருக்க வேண்டும்! சரக்கு ஒன்று, சமைத்த விதந்தான் வேறு. தூளை நீரும் சோடா உப்பும் சேர்த்துக் காய்ச்சினால் கட்டியாகிறது. காய்ச்சியதற்கு நூறு மடங்கு தண்டனை.

ஏன் இந்த நூறு மடங்கு? கட்டி, கறுப்பர் வாழும் சேரிகளில் சில்லறையாக விலைபோயிற்று. தூளோ, பணம் படைத்தோர் விருந்துகளில் பரிமாறப்பட்டது. கட்டிக் கொக்கெய்னுக்காக மத்திய நீதிமன்றங்களில் 1992-ல் தண்டிக்கப்பட்டவருள் பத்தில் ஒன்பது பேர் கறுப்பர். ஒரே குற்றத்துக்குக் குலத்துக்கொரு தண்டனை வகுத்த மனுவை நாம் அறிவோம். வேதம் ஓதாத நாட்டில், வெள்ளை மாளிகையிலேயே அவன் வாரிசுகள் வீற்றிருந்தது நமக்கு வியப்பன்று, வேதனை. நூறு மடங்கைப் பதினெட்டு மடங்காகக் குறைக்க 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. பதினெட்டு மட்டும் எந்தத் தராசில் நிறுத்து எடுத்ததோ!

மிச்சிகன் மாநிலத்தில் ஒருவரிடம் 672 கிராம் கொக்கெய்ன் சிக்கியது. அதற்குமுன் பெருங்குற்றம் எதிலும் தண்டனை பெறாதவர். சாகும்வரை சிறை, இடையில் விடுதலையே இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1991-ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர், தண்டனை செல்லும் என்றனர்.

கொக்கெய்னுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அது குடும்பங்களைக் குலைக்கும் நஞ்சு. ஆனால் நஞ்சுக்குத்தான் தண்டனை என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,80,000 அமெரிக்கர்களைக் கொல்வதாக அந்த நாட்டு மருத்துவத்துறையே 2014-ல் கணக்குக் காட்டிய புகையிலை எங்கே நிற்க வேண்டும்? 1970-ல் போதைப் பொருள்களுக்குச் சட்டம் இயற்றியபோது, கட்டுப்பாட்டுக்குரிய பொருள் எது என்று சொல்லும் இடத்திலேயே, மதுவும் புகையிலையும் இதில் அடங்கா என்று எழுதி வைத்துவிட்டனர். வேலி கட்டும்போதே வெள்ளாட்டுக்கு வழி!

புகையிலைக்கும் தலை உருண்ட காலம் உண்டு. துருக்கியின் சுல்தான் நான்காம் முராத், 1633-ல் புகைப்பவனுக்கு மரணதண்டனை என்றான். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், 1604-ல் புகையிலையைப் பழித்து நூலெழுதி, இராத்தலுக்கு இரண்டு பென்னியாக இருந்த வரியை ஆறு ஷில்லிங் பத்துப் பென்னியாக்கினான். பிறகு வர்ஜீனியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் புகையிலை வந்து இறங்கியது, கருவூலத்தில் காசு குவிந்தது, கண்டனம் கரைந்தது. அந்த வர்ஜீனியாவும் அதன் அண்டை மாநிலங்களும் சேர்ந்து அமைத்த அமெரிக்கக் குடியரசு, இரண்டாம் உலகப்போரில் தன் வீரனின் உணவுப் பொட்டலத்திலேயே சிகரெட்டை வைத்துக் கொடுத்தது. போர் முடிந்தபின், அமைதிக்கு உணவு என்ற பெயரில் ஏழை நாடுகளுக்கு அனுப்பிய சரக்கிலும் புகையிலை இடம் பெற்றது. சோறு கேட்டவனுக்குச் சுருட்டு!

1998-ல் பெருங்கம்பெனிகள் 46 மாநிலங்களோடு உடன்படிக்கை செய்து, இருபத்தைந்து ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தருவதாக ஒப்பின. ஒப்பியவை உடனே சிகரெட் விலையை உயர்த்தின. அபராதம் கட்டியவன் யார்? இருமிக்கொண்டே காசு நீட்டிய ஏழை.

2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இக்கம்பெனிகள் ஐம்பதாண்டு கூடிச் சதி செய்து மக்களை ஏய்த்தன என்று தீர்ப்பளித்தார். கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்க இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. எனினும் உரிமையியல் வழக்காதலால், சிறை செல்ல எவரும் இல்லை. உண்மையை விளம்பரமாக வெளியிடுங்கள் என்று ஆணை பிறந்தது. மேல்முறையீடுகளில் பதினோராண்டு ஓடிற்று. 2017 நவம்பர் தொடங்கி, நாளேடுகளில் முழுப்பக்கத்தில், மனிதனை மேலும் அடிமையாக்கும் வகையிலேயே சிகரெட்டைத் திட்டமிட்டுச் செய்தோம் என்று கம்பெனிகள் அச்சிட்டன. காசு கொடுத்து அச்சிட்டார்கள். மறுநாள் கடை வழக்கம்போல் திறந்தது.