தோற்காத பதின்மூன்று தேர்தல்கள்

கலைஞர் மு. கருணாநிதியைப் பற்றிப் பேசும் எல்லோரும், போட்டியிட்ட 13 சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்றவர் என்று சொல்வார்கள். கணக்கெழுதிப் பழகியவனுக்கு மொத்தத் தொகை போதாது. உள்ளே இருக்கும் பதிவுகளையும் பார்க்கத் தோன்றும்.

1957இல் குளித்தலை. தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கி 15 இடங்கள் பெற்ற ஆண்டு. அவருக்கு வயது 32. 1962இல் தஞ்சாவூரில் காங்கிரசின் பரிசுத்த நாடாரை 1,928 வாக்குகளில் வென்றார். அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். பிறகு சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என மொத்தம் ஏழு தொகுதிகள். 1984இல் மட்டும் நிற்கவில்லை. இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983இல் பதவி விலகியவர், அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார்.

1980இல் அண்ணாநகரில் எச்.வி. ஹண்டேயை வென்றது வெறும் 699 வாக்குகளில். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த 1991 தேர்தலில் துறைமுகத்தில் 890. கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தையும் ராஜினாமா செய்தார். இந்த இரண்டு பதிவுகளைப் பார்த்தால் ‘தோற்காதவர்’ என்ற சொல் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது புரியும். 2016இல் திருவாரூரில் வித்தியாசம் 68,366!

அடிக்கடி தொகுதி மாறினார் என்ற குறையில் எனக்கும் உடன்பாடு உண்டு. நம் மலையாள நண்பர்களின் உம்மன் சாண்டி 1970 முதல் 2023இல் மறையும்வரை புதுப்பள்ளி ஒன்றிலேயே இருந்தார். அந்த உறவு வேறு.

ஐந்து முறை முதல்வர் என்றாலும், கூட்டினால் 19 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவுதான். அதில் 1989இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்: இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அது 1989 மார்ச் 25 முதல் செல்லும். அதற்கு முன் திருமணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. ஊர் நிலத்தைப் பாகம் பிரிக்க இங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பும் நேயர்கள், பத்திரத்தில் அக்கா தங்கையின் பெயரும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.