சதைப்பற்றுத் தாவரங்களும் ஒளியும்

இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வைப்பவை சதைப்பற்றுத் தாவரங்கள். இவை அனைத்துக்கும் கொளுத்தும் வெயில் வேண்டும் என்ற எண்ணம் தவறு. எவ்வளவு ஒளி என்பதை ஒவ்வொன்றின் பிறப்பிடமே தீர்மானிக்கிறது. மெக்சிகோவின் பாறைச் சரிவுகளில் வளரும் எச்செவேரியாவுக்குத் திறந்த வெளிச்சம் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஹாவொர்த்தியா புதர்நிழலில் வளர்வது. வீட்டுக்குள் வைக்க அதுவே ஏற்றது.

ஒளி போதாவிட்டால் தண்டு நீளும், இலைகள் விலகும், செடி வெளிச்சத்தை நோக்கிச் சாயும். நீண்ட தண்டு பிறகு குறுகாது. நுனியை வெட்டி, காயம் உலர்ந்ததும் நடுவதே வழி. சன்னலிலிருந்து சில அடி தள்ளினாலே ஒளி வெகுவாகக் குறைகிறது. நம் கண் குறைந்த ஒளிக்குப் பழகிக்கொள்வதால் அது தெரிவதில்லை. வீட்டுச் செடிகள் பலவும் இதனால்தான் நலிகின்றன. சன்னல் இல்லாத இடத்தில் எல்இடி வளர்ப்பு விளக்கை நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்.

கடும் வெயிலில் சோற்றுக்கற்றாழை செம்பழுப்பாவது பெரும்பாலும் தற்காப்பு நிறமியால். நிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பும். வெந்து வெளிறிய தழும்போ மறையாது. ஆகவே உள்ளே வளர்ந்த செடியை ஒரே நாளில் மொட்டைமாடிக்கு ஏற்றக்கூடாது: இளங்காலை வெயிலில் தொடங்கி, இரண்டு வாரங்களில் படிப்படியாக நேரத்தைக் கூட்ட வேண்டும். தமிழகச் சமவெளியின் சித்திரை, வைகாசி நண்பகலில் எச்செவேரியாவுக்கும் நிழல்வலை தேவை.