அடுத்தவர் கூட்டில் ஒரு பயணம்: காலராக் கிருமியும் அதன் பேஜ்களும்

பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தின் வழியே தீவுக்குச் செல்வோர் தெற்கே நோக்கினால் ஜெரெஜாக் தீவைக் காண்பர். கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், தோட்டங்களுக்கு அனுப்பப்படுமுன் அத்தீவிலிருந்த முகாமில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டனர். அன்று பெரிதும் அஞ்சப்பட்ட நோய்களுள் ஒன்று வாந்திபேதி எனப்பட்ட காலரா. அந்நோயின் கிருமியையே இரையாக்கும் நச்சுயிரிகளைப் பற்றியும், அவற்றின் உடைமையைக் கவர்ந்து வாழும் மரபுத் துணுக்குகளைப் பற்றியும் இவ்வுரையில் காண்போம்.

இவ்வரலாறு நதிநீரில் தொடங்குகிறது. 1896இல், ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேங்கின், கங்கை, யமுனை ஆகியவற்றின் நீர் காலராக் கிருமியை அழிப்பதாக எழுதினார். நுண்ணிய வடிகட்டியைக் கடந்தும் அவ்வாற்றல் நிலைத்தது. நீரைக் கொதிக்க வைத்ததும் மறைந்தது. அவர் கண்டது பேஜ்தானா என்பதைப் பிற்கால அறிஞர் ஐயுற்றுள்ளனர். 1915இல் ஃபிரெடரிக் டுவோர்ட்டும், 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல்லும் பாக்டீரியாவைக் கரைக்கும் பொருளைத் தனித்தனியே அறிவித்தனர். ‘பாக்டீரியாவைத் தின்பது’ எனப் பொருள்படும் பாக்டீரியோபேஜ் என்னும் பெயரை டெரெல் சூட்டினார். 1927இல் அவரே இந்தியாவுக்கு வந்து, காலராவுக்குப் பேஜை மருந்தாகக் கொடுத்து ஆராய்ந்தார்.

பேஜ் என்பது பெரும்பாலும் ஒரு புரதக் கூடும் அதனுள் அடைபட்ட மரபுப் பொருளுமே. அக்கூடு உருவாகும் முறை வியப்புக்குரியது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, முதலில் சாரப் புரதங்கள் துணை நிற்க, உறைப் புரதங்கள் அவற்றைச் சூழ்ந்து தாமே அணிவகுக்கின்றன. கூட்டின் ஒரு முனையில் மட்டும் வாயில் அமைகிறது. பின்னர்ச் சாரம் நீங்குகிறது. வாயிலில் பொருந்தும் ஒரு புரத இயந்திரம் ஆற்றலைச் செலவிட்டு மரபிழையை உள்ளே திணிக்கிறது. கூடு விரிந்து உறுதி பெறுகிறது. இறுதியில் வால் வந்து சேர்கிறது. 1962இல் காஸ்பர், குளூக் இருவரும் இத்தகைய கூடுகளின் கணக்கை வகுத்தனர். அதன்படி உறைப் புரதங்கள் 60இன் மடங்குகளாக அடுக்கப்படும். மடங்கு எண் பெருகப் பெருகக் கூடும் பெரிதாகும்.

வரையறுத்த அளவுடைய இக்கூட்டையே கவர்வோர் உளர். ஈ.கோலைக் கிருமியில் வாழும் பி4 என்னும் துணுக்குக்குத் தனக்கென உறைப் புரதம் இல்லை. அது பி2 என்னும் பேஜின் புரதங்களைக் கொண்டே தன் கூட்டை அமைக்கிறது. ஆனால், மடங்கு எண்ணை 7இலிருந்து 4ஆகக் குறைத்துவிடுகிறது.

காலராக் கிருமியிலும் இதே சூழ்ச்சி நிகழ்கிறது. வங்காளதேச நோயாளிகளின் மலத்தில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட பேஜ் ஐ.சி.பி.1 எனப்படுகிறது. அதன் மரபிழை ஏறத்தாழ 125,000 எழுத்துகள் நீளமுடையது. கூட்டின் மடங்கு எண் 13. கிருமியின் மரபிழையில் உறங்கிக் கிடக்கும் பி.எல்.இ. என்னும் துணுக்கோ ஏறத்தாழ 18,000 எழுத்துகளே கொண்டது. பேஜ் உள்ளே புகுந்ததும் அத்துணுக்கு விழித்தெழுகிறது. அது ஆக்கும் டிகாப் என்னும் புரதம், பேஜின் உறைப் புரதங்களை வெளிப்புறமிருந்து பற்றி, மடங்கு எண் 4 உடைய சிறு கூடாக வளைக்கிறது. அச்சிறு கூட்டில் பேஜின் நீண்ட இழை அடங்காது. துணுக்கின் குறுகிய இழை அடங்கும். பேஜ் தோற்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. தொற்றுண்ட கிருமி மடிகிறது; ஆனால் புதிய பேஜ்கள் வெளிப்படாமையால் சுற்றியுள்ள கிருமிகள் பிழைக்கின்றன. துணுக்கும் அடுத்த கிருமிக்குப் பயணமாகிறது.

பேஜும் வாளா இருப்பதில்லை. பாக்டீரியாக்கள் தம்மைக் காக்க வைத்திருக்கும் கிரிஸ்பர் என்னும் படைக்கலத்தை ஐ.சி.பி.1 தன் இழையிலேயே சுமந்து, பி.எல்.இ.யை வெட்டி எறிவதை 2013இல் கிம்பர்லி சீட் குழுவினர் வெளியிட்டனர்.

இதனை விந்தைச் செய்தியாக மட்டும் கொள்ளுதல் போதாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், பேஜை மருந்தாக்கும் டெரெல்லின் எண்ணம் மீண்டும் உயிர்பெற்றுள்ளது. ‘இந்தப் பேஜ் இந்தக் கிருமியைக் கொல்லும்’ என்று அறிவதோடு நாம் நின்றுவிட இயலாது. அக்கிருமிக்குள் உறங்கும் துணுக்கு எது என்றும் கேட்டாக வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தைத் தமிழில் நடத்தத் தயங்க வேண்டியதில்லை. கூடு, சாரம், வாயில், வால் ஆகிய நம் எளிய சொற்களே இதன் பெரும்பகுதியைச் சுமந்து நிற்கின்றன. ஜெரெஜாக்கில் காத்திருந்தோருக்கு அந்நோய் பெயரளவில் மட்டுமே தெரிந்த அச்சம். அவர்களின் வழித்தோன்றல்களான நம் மாணவர்களுக்கு அது கற்றுத் தெளியத்தக்க பொருள் ஆகட்டும்.