பிடிப்பும் நழுவலும்: மோட்டார் வாகனக் கிளட்சின் வரலாறு

உள்ளெரி எந்திரம் பிறக்கும்போதே ஒரு குறையோடு பிறந்தது. நீராவி எந்திரம் நின்ற நிலையிலிருந்தே முழு விசையோடு இழுக்க வல்லது. பெட்ரோல் எந்திரமோ நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே இறங்கினால் அணைந்துபோகும். ஓயாமல் சுழல வேண்டிய எந்திரத்தையும் நின்ற இடத்திலிருந்து புறப்பட வேண்டிய சக்கரத்தையும் எவ்வாறு பிணைப்பது என்ற சிக்கலுக்கு விடையாக வந்ததே கிளட்ச். கியர் மாற்றும்போது இணைப்பைத் துண்டிப்பதும் அதன் வேலைதான். ஆயினும் வேகம் வேறுபட்ட இரு பரப்புகளைச் சில நொடிகள் நழுவவிட்டு, படிப்படியாக ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சிறிதும் நழுவாமல் இறுகப் பற்றிக்கொள்வதே அதன் கடினமான வேலையாகும். நழுவுதலும் பற்றுதலும் ஒன்றுக்கொன்று எதிரான குணங்கள் என்பதால், பிடிப்பு கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் வேறு ஏதோ ஒன்று விலையாகக் கொடுக்கப்பட்டது. திறன் கூட்டப்பட்ட காருக்கு வலுவான கிளட்சைத் தேடும் இன்றைய உரிமையாளர், நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்கள் போட்ட அதே கணக்கைத் தம் வண்டிக்காக மீண்டும் போடுகிறார்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் கிளட்ச் என்று தனியாக ஓர் உறுப்பு இருக்கவில்லை. அக்காலத் தொழிற்சாலைகளில் வழக்கிலிருந்த முறைப்படி, எந்திரத்திலிருந்து வரும் தட்டைப் பட்டையைத் தண்டோடு இணையாமல் வெறுமனே சுழலும் கப்பியிலிருந்து தண்டோடு பிணைந்த கப்பிக்கு நகர்த்துவதன்மூலம் வண்டி புறப்பட்டது. சில குதிரைத்திறனுக்குள் அடங்கிய எந்திரங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் பாரிஸின் பன்ஹார்ட்-லெவாசோர் நிறுவனம் 1891இல் எந்திரத்தை முன்புறத்திலும், அதன் பின்னே கிளட்சையும் கியர்பெட்டியையும் வரிசையாக அமைத்து, பின்சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் அமைப்பைக் கொண்டுவந்த பிறகு, இரு தண்டுகளை நேர்கோட்டில் இணைக்கும் சிறிய, வலுவான உறுப்பு ஒன்று இன்றியமையாததாயிற்று.

அத்தேவையை முதலில் நிறைவு செய்தது கூம்புக் கிளட்ச். எந்திரத்தின் துடிப்பைச் சமன்செய்யும் கனத்த சக்கரமான பிளைவீலின் உட்புறம் கூம்பாகக் குடையப்பட்டு, தோல் போர்த்திய மற்றொரு கூம்பு சுருள்வில்லின் விசையால் அதனுள் அழுத்தப்பட்டது. ஆப்பு செய்யும் வேலையையே இங்குக் கூம்பு செய்தது: பக்கச் சாய்வு 12.5 பாகையாக இருந்தால், வில் தரும் விசை உராயும் பரப்பின்மீது ஏறத்தாழ 4.6 மடங்காகப் பெருகும் என்பதால், மெலிந்த வில்லைக்கொண்டே பெரிய எந்திரத்தைப் பிடிக்க முடிந்தது. ஆனால் தோல் உலர்ந்தால் திடீரெனக் கவ்வி வண்டியைத் துள்ளவைத்தது. எண்ணெய் பட்டாலோ வழுக்கியது. ஆகவே ஓட்டுநர்கள் உலர்ந்த தோலுக்கு ஆமணக்கெண்ணெய் தடவியும், எண்ணெய் ஊறிய தோலின்மீது எண்ணெய் உறிஞ்சும் களிமண் தூளைத் தூவியும் அதன் இயல்பை நாள்தோறும் சரிசெய்ய வேண்டியிருந்தது. கனமான கூம்பு மிதியை அழுத்திய பின்னரும் சுழன்றுகொண்டே இருந்ததால், ஒவ்வொரு கியர் மாற்றத்திற்கும் மிதியை இருமுறை அழுத்தும் பழக்கம் வேரூன்றியது.

கூம்புக்குப் பின் வந்த வளர்ச்சியைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சமன்பாடு போதும். உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சோதனைகளால் நிலைநாட்டியிருந்தார். அதன்படி ஒரு தட்டைக் கிளட்ச் கடத்தக்கூடிய முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் ஆற்றல், நான்கு எண்களின் பெருக்கமாகும்: உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, உராய்வு வளையத்தின் சராசரி ஆரம். ஒரு தகட்டின் இரு பக்கங்களும் உராய, குணகம் 0.3ஆகவும், அழுத்தும் விசை 5,000 நியூட்டனாகவும், ஆரம் 0.1 மீட்டராகவும் இருந்தால், அக்கிளட்ச் 300 நியூட்டன்-மீட்டர் வரை தாங்கும். அதற்குமேல் எந்திரம் முறுக்கினால் தகடு நழுவும். ஆகவே பிடிப்பைக் கூட்ட நான்கே வழிகள் உண்டு. கிளட்சின் வரலாறு அந்நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கிறது.

உராய்வுப் பொருளைத் தேடிய முதல் வழி இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் தொடங்கியது. சரிவுகளில் இறங்கும் குதிரை வண்டிகளின் தடைக்கட்டைகளில் பழைய காலணித் தோல் பொருத்தப்பட்டிருந்ததைக் கவனித்த ஹெர்பர்ட் ஃபுரூட், 1897இல் பருத்தி நெசவில் பிசின் ஊட்டிய தடைப்பட்டைகளைச் செய்யத் தொடங்கி, தம் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, 'ஃபெரோடோ' என்ற வணிகப் பெயரை அமைத்தார். பருத்தி வெப்பத்தில் கருகியதால், 1908 அளவில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் இழை அதன் இடத்தைப் பிடித்தது. அதே காலத்தில் லியோ பேக்லண்ட் கண்டறிந்த பினால் பிசின், கல்நாரையும் பித்தளைக் கம்பியையும் ஒன்றாக இறுக்கும் பசையாகப் பயன்படலாயிற்று. வெப்பத்தைத் தாங்குவது, மெதுவாகப் பற்றுவது, மலிவாகக் கிடைப்பது ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த கல்நார், அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிளட்ச் தகடுகளை ஆண்டது.

அதற்குரிய விலையைத் தொழிலாளர்களின் நுரையீரல்கள் கொடுத்தன. லங்காஷயரின் ராச்டேலில் கல்நார் ஆலையில் பணியாற்றிய பெண் ஒருவரின் மரணம் 1924இல் பிரித்தானிய மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. 1930இல் வெளிவந்த அரசு ஆய்வறிக்கையின் பயனாக 1931இல் ஆலைகளுக்குத் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவ்விதிகள் ஆலைகளோடு நின்றுவிட, தேய்ந்த கிளட்சைக் கழற்றி, உறைக்குள் படிந்த தூளைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் துடைத்த மெக்கானிக்குகள் பல பத்தாண்டுகளுக்கு அத்தூசையே சுவாசித்தனர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1986இலும், பிரிட்டனின் முழுத் தடை 1999இலும் வந்தன. அமெரிக்கா வெண்கல்நாருக்குத் தடை விதித்தது 2024இல்தான். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலெக் 1965இல் கண்டறிந்த கெவ்லர் இழையும், கண்ணாடி இழையும் கல்நாரின் இடத்துக்கு வந்தன. இன்று கரிமக் கிளட்ச் தகடு என்று விற்கப்படுவது, இத்தகைய இழைகளைப் பிசினில் இறுக்கிச் செய்த தகடேயாகும்.

இரண்டாம் வழி, பரப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது. இங்கிலாந்துப் பேராசிரியர் ஹீலி-ஷா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒன்றோடொன்று பொருந்தும் பள்ளங்கள் கொண்ட பல உலோகத் தகடுகளை எண்ணெயில் மூழ்கவைத்து அடுக்கிய கிளட்சை உருவாக்கினார். 1908இல் வெளிவந்த ஃபோர்டின் 'டி' மாடலும் எண்ணெயில் இயங்கும் எஃகுத் தகட்டடுக்கையே கொண்டிருந்தது. எண்ணெய் வெப்பத்தை எடுத்துச்சென்றதால் தேய்மானம் குறைந்தது. ஆனால் குளிர்காலையில் எண்ணெய் இறுகித் தகடுகளை ஒட்டவைத்ததால், மிதியை அழுத்தினாலும் இணைப்பு முழுமையாக விடுபடவில்லை. கல்நார்த் தகடு நிலைபெற்ற பின்னர், இல்லினாய் மாநிலத்தின் மொலீனில் தொடங்கிய போர்க் அண்டு பெக் போன்ற நிறுவனங்களின் ஒற்றைத்தகட்டு உலர் கிளட்ச் 1920களில் பரவி, கூம்பையும் எண்ணெய் அடுக்கையும் பெரும்பாலான கார்களிலிருந்து அகற்றியது. இரு உராய்வு வளையங்களுக்கிடையே மெல்லிய அலைவில்லை வைத்து மென்மையாகப் பற்றச் செய்வதும், தகட்டின் நடுவில் சுருள்விற்களை அமைத்து எந்திரத்தின் அதிர்வை உறிஞ்சுவதும் இத்தகட்டின் வழக்கமான அமைப்பாயின.

மூன்றாம் வழி, அழுத்தும் விசையைக் கூட்டுவது. ஒற்றைத்தகட்டுக் கிளட்சில் பிரஷர் பிளேட் எனப்படும் அழுத்தத் தகட்டைச் சுற்றி வரிசையாக நின்ற சுருள்விற்கள், உராய்வு வளையம் தேயத் தேய நீண்டு விசையிழந்தன. ஆகவே தேய்ந்த கிளட்ச், பிடிக்க வேண்டிய நேரத்தில் வலுவிழந்து நின்றது. வேகம் மிகும்போது மையவிலக்கு விசையால் சுருள்விற்கள் வெளிப்புறம் வளைவதும் உண்டு. இக்குறைகளைத் தீர்த்தது, மையத்தை நோக்கி விரல்களாக வெட்டப்பட்ட, கிண்ணம்போல் குழிந்த ஒற்றை எஃகுத் தட்டான டயாஃப்ரம் வில். தேய்மானத்தின் இடைநிலையில் அதன் விசை சற்றே கூடி, தேய்மான எல்லையில் ஏறக்குறையத் தொடக்க அளவுக்கே திரும்பும். மேலும் மிதியை முழுவதும் அழுத்தும்போது காலுக்கு எதிர்ப்பு குறையும். அமெரிக்காவில் செவர்லே 1938இல் இவ்வில்லை ஏற்றது. ஐரோப்பியக் கார்களுக்கு அதைப் பெருமளவில் உற்பத்தி செய்த லூக் நிறுவனம் ஜெர்மனியின் பூல் நகரில் 1965இல் தொடங்கப்பட்டது.

தொழிற்சாலை தந்த கிளட்ச் போதாது என்ற நிலை பரவலாக முதலில் தோன்றியது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க டிராக் பந்தயங்களில். கால் மைல் தூரத்தை நின்ற நிலையிலிருந்து கடக்கும் இப்பந்தயத்தை ஒழுங்குபடுத்த, தேசிய ஹாட் ராட் சங்கம் 1951இல் அமைக்கப்பட்டது. எந்திரத்தின் திறனை இருமடங்காக்கிய இளைஞர்கள் பழைய வார்ப்பிரும்புப் பிளைவீலையே வைத்திருந்தனர். சுழலும் சக்கரத்தின் விளிம்பில் எழும் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதாலும், வார்ப்பிரும்பு இழுவிசைக்கு மிக நலிந்ததாலும், சக்கரங்கள் வெடித்துச் சிதறி ஓட்டுநரின் கால்களையும் பார்வையாளர்களையும் தாக்கின. கனத்த எஃகுக் காப்புறையும், எஃகிலோ அலுமினியத்திலோ செய்த பிளைவீலும் இதனால் கட்டாயமாயின. உதிரிபாக உற்பத்தியாளர் சங்கம் வகுத்த தர அளவுகளை 1978 முதல் எஸ்.எஃப்.ஐ. அறக்கட்டளை பேணிவருகிறது, மாற்றுப் பிளைவீலுக்கும் கிளட்சுக்கும் உரியது அதன் 1.1 எண் தரம். செயல்திறன் கிளட்சின்மேல் காணப்படும் அம்முத்திரை, அதன் பிடிப்புக்கு அன்று, அது வெடிக்காது என்பதற்கே சான்று.

வட்டப்பாதைப் பந்தயங்கள் எதிர்த்திசையில் சென்றன. நான்காம் எண்ணான ஆரத்தைப் பெருக்கினால் சுழலும் நிறையின் நிலைமம் அதைவிட வேகமாக ஏறி, எந்திரம் விரைந்து சுழலத் தயங்கும். எந்திரத்தையும் தாழ்வாக வைக்க முடியாது. ஆகவே இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் நிறுவனம் ஆரத்தைச் சுருக்கி, இரண்டு அல்லது மூன்று தகடுகளை அடுக்கி, 184 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தயக் கிளட்சுகளைச் செய்தது. பிற்காலத்தில் இவ்விட்டம் 140 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கியது. இவ்வளவு சிறிய பரப்பில் எழும் வெப்பத்தைக் கரிமத் தகடு தாங்காது என்பதால், செம்புத் தூளையும் பீங்கான் துகள்களையும் அழுத்திச் சூளையிட்ட உலோகக் கலவையும், பின்னர் 1976இல் பயணிகள் சேவைக்கு வந்த கான்கார்டு விமானத்தின் தடைகளில் பயன்பட்ட கரியிழைப் பொருளும் பந்தயக் கிளட்சுக்குள் நுழைந்தன. சாலைக் காரில் இவ்வழியின் உச்சமாக, 2003இல் வந்த போர்ஷே கரேரா ஜி.டி. 169 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரட்டைத்தகட்டுப் பீங்கான் கிளட்சைக் கொண்டிருந்தது. 590 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கிய அச்சிறு கிளட்ச், புறப்படும்போது எந்திரத்தை அடிக்கடி அணைத்துவிடுவது என்றும் பெயரெடுத்தது.

இவ்வரலாறு, கிளட்ச் தேய்மானத்தை அறிவதற்கும் மாற்றுக் கிளட்சைத் தெரிவு செய்வதற்கும் நேரடியாகப் பயன்படுகிறது. உயர்ந்த கியரில் முடுக்கும்போது எந்திரத்தின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறாமல் இருப்பதும், கருகிய வாடை எழுவதும் நழுவலின் அறிகுறிகள். தகட்டில் எண்ணெய் கசிந்திருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும் என்பதால், எந்திரத்தின் பின்புற எண்ணெய் அடைப்பைச் சோதிக்காமல் வலுவான தகட்டை மாட்டுவது பணவிரயம். தெரிவின்போது முதலில் பார்க்க வேண்டியது எந்திரத்தின் உச்ச முறுக்குவிசை. குதிரைத்திறன் இங்கு வழிகாட்டாது. கிளட்சின் கொள்ளளவு அம்முறுக்குவிசையைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். கரிமத் தகட்டோடு அழுத்தும் விசையை மட்டும் கூட்டினால் ஓட்டம் மென்மையாகவே இருக்கும், ஆனால் இடக்கால் சோரும், கிராங்க் தண்டின் பக்கவாட்டுத் தாங்கியும் சுமையேறித் தேயும். உலோக-பீங்கான் துண்டுகள் பதித்த தகடு வெப்பத்தைத் தாங்கும், ஆனால் அது பற்றும்போது வண்டி நடுங்கும், பிளைவீலின் முகமும் அரைபடும். இரட்டைத்தகடு இவ்விரு வழிகளின் குறைகளையும் பெருமளவு தவிர்க்கும். விலையும் சில நேரங்களில் ஓசையும் கூடும். லூக் நிறுவனம் 1985இல் உற்பத்திக்குக் கொண்டுவந்த, அதிர்வை உறிஞ்சும் இரட்டை நிறைப் பிளைவீலை நீக்கி இலேசான ஒற்றைப் பிளைவீலை வைப்பவர், கியர்பெட்டியின் கடகடப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கூம்பின் தோலுக்கு எண்ணெய் தடவிய ஓட்டுநருக்கும் இன்றைய உரிமையாளருக்கும் பொதுவான கடமை ஒன்று எஞ்சியிருக்கிறது. புதிய கரிமத் தகட்டின் பரப்பும் பிளைவீலின் முகமும் ஒன்றோடொன்று பொருந்திப் படியும்வரை, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்திற்கு, நின்று நின்று செல்லும் நகர ஓட்டத்தில் மென்மையாகப் பழக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் வலியுறுத்துகின்றனர்; அதற்குமுன் முழு விசையோடு புறப்பட்டால், பிசின் வெந்து பரப்பு கண்ணாடிபோல் மெருகேறி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தகடும் நழுவத் தொடங்கும்.