மக்பெத்: வரலாறும் நாடகமும்

ஸ்கொத்லாந்து மன்னன் டங்கன் 1040ஆம் ஆண்டில் மக்பெத்தோடு நிகழ்ந்த போரில் மாண்டான். முடிசூடிய மக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். அத்தகையவன், உறங்கிய விருந்தினனைக் கொன்ற பாதகனாக உலகோர் உள்ளத்தில் நிலைபெற்றது எங்ஙனம்?

1606ஆம் ஆண்டளவில் நாடகத்தை யாத்த சேக்ஸ்பியர், ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலை ஆதாரமாகக் கொண்டார். அந்நூலில், டஃப் என்னும் வேறொரு மன்னனைத் துயிலுகையில் கொல்வித்தவன் டொன்வால்ட். அப்பழியைச் சேக்ஸ்பியர் மக்பெத்தின்மேல் ஏற்றினார். அந்நூலில் மக்பெத்துக்கு உடந்தையாயிருந்த பாங்கோவையோ குற்றமற்றவனாக்கினார். அன்று அரியணையிலிருந்த முதலாம் ஜேம்ஸ், பாங்கோவின் வழித்தோன்றலெனக் கருதப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்மாற்றமே கதைப்பின்னலுக்கு உயிரூட்டிற்று. துயின்றவனைக் கொன்றவன் துயிலிழக்கிறான். கைக்கறையைச் சிறிது நீர் போக்குமென்ற அவன் மனைவி, பின்னர் உறக்கத்தில் நடந்து இல்லாத கறையைத் தேய்க்கிறாள். காடு நகர்ந்து வந்தாலன்றித் தோல்வியில்லை என்ற இருபொருள் மொழி அவனை ஏய்க்கிறது. பகைவர் மரக்கிளைகளை ஏந்தி வருகின்றனர்.

மனச்சான்றின் வதையை உணர்த்துவதில் இந்நாடகத்துக்கு நிகர் அரிது. ஆயினும், அதனை வரலாறெனக் கொள்வது இறந்துபட்ட மன்னனுக்கு இழைக்கும் அநீதியாகும்.